ரவை சிவக்கும் வரை

கரண்டியை நிறுத்தக் கூடாது. சொன்னது அது ஒன்றுதான், அதையும் மூன்று பேர் மூன்று தடவை சொல்லியாகிவிட்டது, சதக்குத்தம்பிக்கு ஏதோ காது அடைத்துப்போன மாதிரி. நிறுத்தினால் என்ன, அடி பிடிக்கும், அவ்வளவுதானே. முப்பத்தோரு வருஷம் கப்பல் எஞ்சின் ரூமில் ஃபிட்டராக வெந்தவருக்கு அடி பிடிப்பதைப் பற்றிப் பாடம். அகலமான செம்புப் பாத்திரம், உருகின வெண்ணெய், அதில் இரண்டு கிலோ ரவை, ஊடே வெள்ளை வெள்ளையாகப் பைன் மரத்துப் பருப்பு. பருப்பு சிவக்கும்போது ரவையும் சிவந்திருக்கும், அதுதான் பக்குவம், கடிகாரத்தைப் பார்த்து இறக்கக் கூடாது. ஆனால் கடிகாரம் எதிரிலேயே மாட்டியிருக்கிறது. ஐந்தே கால். நோன்பு திறக்க இன்னும் இரண்டு மணி நேரம். ரமலானின் கடைசி நோன்பு, நாளைக்குப் பெருநாள். பிறை தேடுகிற வேலையெல்லாம் இங்கே கிடையாது, பெருநாள் எந்தத் தேதி என்று போன வருஷமே காலண்டரில் அச்சடித்துவிட்டார்கள். ஊரில் என்றால் இந்நேரம் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி ஆள் ஏறி நின்று வானத்தைப் பார்த்து வாய்ச்சண்டை நடக்கும். இது துருக்கி, புர்சா. ஜன்னலுக்கு வெளியே மலை, மலை மேல் பனி. மேல்வீடு மகள் ருகையாவின் வீடு, கீழ்வீடு, இந்த அடுப்பு இருக்கிற வீடு, சம்பந்தி வீடு. சம்பந்தி நெஜாத் மண்ணுக்குள் போய் முப்பத்தெட்டு நாள். பெருநாளுக்கு முந்தின நாள் மௌத்தானவர்கள் பேரில் ரவையை வறுத்து இனிப்புக் கிண்டி அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது இந்த வீட்டு வழக்கம். வீட்டில் உள்ளவர்கள் மாறி மாறிக் கரண்டி பிடிப்பார்களாம், பிடிக்கிறவர்கள் ஆளுக்கொரு பாத்திஹா ஓதுவார்களாம், வறுக்கிற வாசம் கபர்க் குழி வரைக்கும் போகுமாம். இந்தத் தடவை மாறி மாறி இல்லை. இவர் ஒருவர்தான். சம்பந்தியின் மனைவி முனவ்வர் மத்தியானம் ருகையாவிடம் சொல்லி அனுப்பினாள்: உன் வாப்பா வறுக்கட்டும். ஏன் என்று சொல்லவில்லை. அந்த ஏன் மத்தியானத்திலிருந்து பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி. நாக்கு அங்கேயேதான் போகிறது.

நம்மூரில் இதற்குக் கேசரி என்று பேர். கலர்ப்பொடி போட்டு, முந்திரி போட்டு, கல்யாண வீட்டில் காலை டிபனுக்கு இட்லி பக்கத்தில் வைப்பார்கள். இவர்கள் அதையே கலர் இல்லாமல் கிண்டி ஹெல்வா என்கிறார்கள். ஹெல்வா, அல்வா. ஒரே சொல்தான், அரபியிலிருந்து கிளம்பி இரண்டு பக்கமாகப் போயிருக்கிறது. இந்தப் பக்கம் வந்தது என்ன ஆனது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? மனைவி சுல்தான் பீவி சொன்னாள், துருக்கிக்காரங்களும் அல்வான்னுதான் சொல்லுவாங்களாம், வேற என்னத்தக் கொண்டு போவீங்க, திருநெல்வேலி அல்வா கொண்டு போங்க என்று. இரண்டு கிலோ. நெய் கசிந்து பெட்டிக்குள் இருந்த புதுச் சட்டை பாழானதுதான் மிச்சம். வந்த மறுநாள் கீழ்வீட்டில் அந்தப் பின்னறையில் சம்பந்தி கட்டிலில் சாய்ந்திருந்தார். ஈரலில் புற்று. டாக்டர்கள் கையைக் கழுவி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சுற்றிலும் பத்துப் பேர் நின்றார்கள். இவருக்குத் துருக்கி மொழியில் தெரிந்தது ஒரு சொல், அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். டப்பாவைச் சம்பந்தியின் மடியில் வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகின குரலில், ஹெல்வா என்றார். உங்களுக்குத்தான், ஹெல்வா. சம்பந்தியம்மா, கண்ணேறு கழிக்கிறவள் மாதிரி, காது மடலைப் பிடித்து இழுத்துக்கொண்டு கட்டில் மரத்தில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள். யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று இவர் திரும்பி வேறு பார்த்தார். சாவுக்குக் கிண்டுகிற பண்டத்தைச் சாகக் கிடக்கிறவன் மடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

இந்த ஊரில் கடையில் ஹெல்வா விற்கிறான், மீன் சாப்பிட்ட கையோடு ஆளாளுக்கு வாங்கித் தின்கிறான், அதெல்லாம் தப்பில்லையாம். நோயாளி வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போய்ப் பேரைச் சொல்லி உனக்குத்தான் என்று கொடுத்தால்தான் தப்பாம். உன் ஹெல்வாவைத் தின்பேன் என்றால் நீ செத்து நான் இருப்பேன் என்று அர்த்தமாம். இதையெல்லாம் ருகையா அன்றைக்கு மாடிப்படி ஏறும்போது சொன்னாள். முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கலாம். "டப்பாவுல என்ன இருக்குன்னு நீங்க சொன்னீங்களா வாப்பா? கேட்டதுக்கு, உனக்கெதுக்கு, சம்பந்திக்குன்னுதானே சொன்னீங்க." அதுவும் சரிதான். ஆனால் சம்பந்தி சிரித்தார். மற்றவர்கள் வாயடைத்து நிற்கையில் அந்த மனுஷன் மட்டும், தோள் எலும்பு இரண்டும் குலுங்க, இருமல் வந்து கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்து, என்னவோ சொன்னார். என்ன சொன்னார் என்று மகளைக் குடைந்து எடுத்ததில் மூன்றாம் நாள்தான் சொன்னாள். தன் அல்வாவைத் தானே தின்றுவிட்டுப் போகிற கொடுப்பினை எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்றாராம்.

"கப்பலையே ஓட்டின கைக்குக் கரண்டி கனக்குதாமா?" ஹாஜர் கேட்டதை ருகையா தமிழில் சொன்னாள். ஹாஜர் சம்பந்தியின் அக்கா, எழுபத்தெட்டு வயது, மேசையில் உட்கார்ந்துகொண்டு காகிதம் போல மெல்லிசான மாவுத் தகடுகளைப் பாலில் நனைத்து நனைத்து அடுக்குகிறாள். நோன்பு மாதத்தில் மட்டும் செய்கிற குல்லாச் என்கிற பண்டம், பன்னீர் வாசம் குப்பென்று அடிக்கிறது, வெறும் வயிற்றில் அது தலைக்கு ஏறுகிறது. கப்பலை நான் ஓட்டவில்லை, ஓட்டினவன் மேலே காற்று வாங்கிக்கொண்டிருந்தான், நான் அடியில் கிடந்தேன் என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை, சொன்னால் மகள் மொழிபெயர்ப்பாள், அந்தக் கிழவி அதற்கொன்று சொல்வாள், அதை மகள் இங்கே கொண்டுவருவாள், பாத்திரத்தை விட அதுதான் பெரிய வேலை. "கை வலிச்சா சொல்லுங்க, நான் பிடிக்கிறேன்" என்றாள் மகள். "வலிக்கல." "வாய் வலிக்கலங்குது, மூஞ்சி வேற சொல்லுது." ஹாஜர் அதற்குள் இன்னொன்று சொன்னாள். ஓரத்தை இழுக்காமல் நடுவிலேயே துடுப்புப் போடுகிறாராம், ஓரத்தில் கிடக்கிறது கருகினால் தம்பி கபரிலிருந்து எழுந்து வந்துவிடுவானாம், பக்லாவா இல்லாத பெருநாளுக்கே அவனைச் சமாதானப்படுத்த முடியாதாம். பெருநாள் இனிப்பான பக்லாவா இந்த வருஷம் இந்த வீட்டில் கிடையாது என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டாள். ஹெல்வா மட்டும்தான். அதையும் யார் கையில் கொடுத்தாள் பார். நீ கொண்டுவந்ததுதானே, நீயே கிண்டு என்றா? இல்லை, மரியாதைக்கா? மரியாதை என்றால் ஒரு வார்த்தை முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பாள். முப்பத்தெட்டு நாளாக அவள் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. இவரும் பார்க்கவில்லை. பார்க்காமல் எப்படித் தெரியும் அவள் பார்க்கவில்லை என்று. தெரியும். முதுகுக்குத் தெரியும்.

சத்தம் மாறிவிட்டது. முதலில் ஈரமணலை மிதிக்கிற மாதிரி சொத்சொத்தென்று இருந்தது, இப்போது வெண்ணெய் உள்ளே போய் ரவை தனித்தனியாக உதிர்ந்து, உலர்ந்த மணல் சரிகிற மாதிரி சர்ரென்கிறது. எஞ்சினில் அவருக்குக் காதுதான் கண். பேரிங் எந்த நிமிஷம் போகும் என்று இரண்டாம் எஞ்சினியருக்கு முன்னால் இவருக்குத் தெரியும். ஒரு வால்வு கழற்றி மாட்ட இருபது நிமிஷம், அதற்கு மேல் எந்த வேலைக்கும் பொறுமை இருந்ததில்லை. தீ இவ்வளவு சின்னதாக எதற்கு, பெரிதாக்கினால் பத்து நிமிஷத்தில் முடியும் வேலை. கை அடுப்புக் குமிழ் பக்கம் போனது. "வாப்பா." சரி சரி. ஒரு பாத்திஹா ஓது. ஓதினார். பாதியில் எங்கோ வழுக்கி, அந்தப் பின்னறைக்குள்தான் போய் விழுந்தார். பன்னிரண்டு நாள். இவர் வந்ததிலிருந்து சம்பந்தி போகிற வரைக்கும் பன்னிரண்டே நாள், ஆறு மாசம் என்று டாக்டர் கெடு சொல்லியிருந்த ஆள். இவர் போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்வார். பகலில் ஆள் இருக்கிறார் என்று சம்பந்தியம்மா போய்க் கொஞ்சம் கண்ணயர்வாள். சம்பந்தி இவரைத் துன்யூர் என்று கூப்பிடுவார். சம்பந்தி என்பதற்கு இவர்களிடமும் ஒரு சொல் இருக்கிறது, வெள்ளைக்காரக் கேப்டன்களிடம் இல்லாத சொல். துன்யூர் என்று கூப்பிட்டுவிட்டுச் சுவரோரம் இருந்த பீரோ மேலே கண்ணைக் காட்டுவார். அங்கேதான் சம்பந்தியம்மா டப்பாவை ஒளித்து வைத்திருந்தாள். கண்ணில் படவே கூடாது என்று ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடி. இவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு நாற்காலி மேல் ஏறி எடுப்பார். எழுபத்திரண்டு வயதில் நாற்காலி மேல். ஒரு விரல் அளவு கிள்ளி வாயில் வைத்தால் சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டு உருட்டி உருட்டித் தின்பார். கஞ்சியே இறங்காத தொண்டையில் அது மட்டும் வழுக்கிக்கொண்டு போகும். தினம் ஒரு விரல். பத்துப் பன்னிரண்டு விரல்.

அல்வா கொடுத்தான் என்றால் நம்மூரில் ஏமாற்றிவிட்டான் என்று அர்த்தம். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பயல் வரைக்கும் தெரியும் அந்தப் பேச்சு. யாருக்குக் கொடுத்தாய் சதக்குத்தம்பி அல்வா? அந்த அம்மாவுக்குத்தானே. அவள் ஒளித்தாள், நீ எடுத்தாய். அவள் கூடாது என்று மரத்தைத் தட்டினாள், நீ கதவைச் சாத்தினாய். சகுனம், கண்ணேறு, காக்கை இடம் போனது, இதையெல்லாம் காறித் துப்பினவர். வெள்ளிக்கிழமை கப்பல் கிளம்பக் கூடாது என்று சொன்ன கிரேக்கக்காரனோடு சண்டைக்குப் போனவர். மார்க்கத்திலும் அதற்கு இடமில்லை. ஆயுசு எழுதினது எழுதினபடி. எழுதினபடிதான், ஆனால் ஆறு மாசம் பன்னிரண்டு நாளானது. ஆனது என்றால் அல்வாவினாலா? இல்லை. சர்க்கரை ஏறியிருக்குமோ? ஒரு விரல் அளவில் என்ன ஏறும். டாக்டரிடம் கேட்டிருக்கலாம். எந்த மொழியில் கேட்பது, யார் கேட்டுச் சொல்வது, மகள்தான், மகளிடம் சொன்னால் மருமகனுக்குத் தெரியும். மருமகன் செர்கான் நல்ல பையன், இப்போதுகூட ரொட்டிக் கடை வரிசையில் நிற்கிறான், நோன்பு திறக்கிற ரொட்டி சூடாக வேண்டுமாம். அவனுக்கு என்ன தெரியும், அவனும் ஒன்றும் பேசுவதில்லை. கேட்கவே வேண்டாம், சர்க்கரையே ஏறவில்லை. மறுபடி அதே இடம். கரண்டியும் அதே இடம்தான் வருகிறது, ஓரம், நடு, ஓரம். ஒன்பது நாளில் விசா முடிகிறது. இவர் விமானம் ஏறிப் போய்விடுவார். மகள் மேல்வீட்டில் இருப்பாள், இந்த அம்மா கீழ்வீட்டில் இருப்பாள், நடுவே பதினாறு படி. என் புருஷன் மடியில் அவன் ஹெல்வாவைக் கொண்டுவந்து வைத்தவனின் மகள் என்று ஒரு தடவை மனசில் விழுந்துவிட்டால் அது போகாது. வாயால் சொல்ல மாட்டாள். சொன்னால் பதில் சொல்லலாம். சோறு போடுகிற கையில் இருக்கும், கதவு திறக்கிற வேகத்தில் இருக்கும். ஒன்பது நாளுக்குள் இவர் அதை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். எதை முடிப்பது, என்னவென்று கேட்பது, அம்மா என்மேல் கோபமா என்றா? தூ. ருகையாவிடம் முந்தாநாள் நைசாக, உன் மாமி ஏதாவது சொன்னாளா என்றார். "என்ன சொல்லணும்?" ஒன்றுமில்லை. "உங்களுக்குத் தெரியணும்னா நீங்களே கேளுங்க வாப்பா. நடுவுல நின்னு நின்னு எனக்கு வாய் ஓஞ்சு போச்சு."

பருப்பு மஞ்சளாகிவிட்டது. சிவக்கவில்லை. ஐந்து ஐம்பது. தோளிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு கம்பி இழுக்கிறது, இடது கைக்கு மாற்றினார், இடது கை ஒழுங்காக வட்டம் போட மாட்டேன் என்கிறது. இடது பக்கம் இழுத்தால் நெஞ்சு என்பார்கள். இழுப்பது வலது பக்கம், நெஞ்சில்லை. இல்லையென்றால் என்ன, எப்போதாவது இழுக்கத்தானே போகிறது. நமக்கு யார் நின்று கிண்டுவார்கள் முக்கால் மணி நேரம். நம்மூரில் கிண்டுகிற வழக்கம் இல்லை, நாற்பதாம் நாள் பிரியாணி ஆர்டர் கொடுத்துவிடுவார்கள், வேன் வந்து இறக்கிவிட்டுப் போகும். வாசம் இப்போது வேறு மாதிரி. வெண்ணெய் வாசம் போய், அடியில் என்னவோ, புது மரத்தைச் சீவின மாதிரி, அதற்கடியில் குழந்தையின் தலை மாதிரி. ஹாஜர் குல்லாச் தட்டைத் துணி போட்டு மூடிவிட்டு, முன்னறை சோபாவில் சாயப் போய்விட்டாள், குறட்டை இங்கே வரைக்கும். சம்பந்தியும் அப்படித்தான் திடீரென்று தூங்கிவிடுவார், பேச்சு பாதியில் இருக்கும்போதே. பேச்சு. அதுதான் வேடிக்கை. சதக்குத்தம்பி பேசினார். ஊரில் ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேசாத ஆள், அந்தப் பின்னறையில் மணிக்கணக்காகப் பேசினார், தமிழில். சம்பந்தி துருக்கியில் பேசினார். ஒருவர் பேசினது ஒருவருக்குப் புரியாது, புரியாது என்பதே ஒரு வசதி. எஞ்சின் ரூமில் தீப்பிடித்தபோது கூட இருந்த பங்காளிப் பையனை விட்டுவிட்டு முதலில் ஏணியில் ஏறினது தான்தான் என்று சுல்தான் பீவியிடம் கூடச் சொன்னதில்லை, அதைச் சொன்னார். பையன் பின்னாலேயே ஏறி வந்துவிட்டான், ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் சொன்னார். சம்பந்தி உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார், ஏதோ எல்லாம் விளங்கினவர் மாதிரி. பிறகு ஒரு நாள், ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, அதையும் சொல்லிவிட்டார். வேண்டாம். அதை இப்போது நினைக்க வேண்டாம். பாத்திஹா ஓது. ஓதிக்கொண்டே ஓரத்தை இழு.

முனவ்வர் வந்தாள். செருப்புச் சத்தத்திலேயே தெரிந்தது. இவர் திரும்பவில்லை. அவள் பக்கத்தில் வந்து நின்று பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். நோன்பு, ருசி பார்க்க முடியாது, கண்ணும் மூக்கும்தான். ஒரு பருப்பைக் கரண்டி நுனியிலிருந்து விரலால் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், தங்கக்கடையில் மூக்குத்தி பார்க்கிற மாதிரி. போட்டுவிட்டாள். இன்னும் என்றாள். அந்தச் சொல் இவருக்குத் தெரியும், சாப்பிடும்போது தட்டில் போட்டுக்கொண்டே மாமி ருகையாவிடம் கேட்கிற சொல்தான், தஹா. இன்னும் என்றால் எவ்வளவு இன்னும். கருக வேண்டுமா. கருகினால் அதையும் நம் தலையில் போடலாம் என்றா. அவள் போகவில்லை. அங்கேயே நின்றாள், முழங்கைக்கு ஒரு முழம் தள்ளி. பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிடலாமா என்று வழக்கம்போல் நினைத்தார். அவள் அறைக்குள் வந்தால் அஸர் தொழுகை, இல்லையென்றால் ளுஹர், இல்லையென்றால் சும்மா கைகால் கழுவி உளூச் செய்ய. கால் நகரப் பார்த்தது. கையில் கரண்டி இருந்தது. கரண்டியை நிறுத்தக் கூடாது. வியர்வை புருவத்தில் வந்து நின்றது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், வெள்ளையாக ஒன்றுகூட மிச்சமில்லாமல் பருப்பெல்லாம் ஒரே சமயத்தில், யாரோ சொல்லி வைத்த மாதிரி, சிவந்தது. அவள் ருகையாவைக் கூப்பிட்டாள். பக்கத்து அடுப்பில் பாலும் தண்ணீரும் சர்க்கரையுமாகக் கொதித்துக்கொண்டிருந்த சட்டியை இரண்டு பேருமாகத் தூக்கி, தள்ளி நில்லுங்க வாப்பா, மூஞ்சில தெறிக்கும் என்று ருகையா சொல்லி முடிப்பதற்குள் கவிழ்த்தார்கள். எரிமலை. பாத்திரம் சீறி எழுந்து, ஆவி மூன்று பேர் முகத்தையும் மறைத்தது. கிண்டுங்க, கிண்டுங்க. கிண்டினார். ரவை பாலைக் குடித்துப் புடைத்துக் கரண்டியைப் பிடித்து இழுத்தது. அந்த ஆவிக்குள்ளிருந்துதான் அவள் பேசினாள். நிதானமாக, நேராக, இவரைப் பார்த்து. ருகையாவைப் பார்க்கவில்லை.

"வாப்பா, மாமி ஒண்ணு கேக்கணுமாம்." கேளு. "கரண்டி கையில இருந்தா உங்களால ஓட முடியாதுன்னுதான் அடுப்புல நிறுத்தினாங்களாம்." யாரு ஓடினது. "நீங்கதான். இவங்க ஒரு ரூமுக்குள்ள வந்தா நீங்க எந்திரிச்சுப் பள்ளிக்குப் போயிடுறீங்களாம். ஒரு மாசமா. இந்தத் தெருவுலயே தொழுகை அதிகம் உங்களுக்குத்தானாம்." அவள் மேலே பேசினாள், ருகையாவின் குரல் கொஞ்சம் பின்தங்கி வந்தது. "அல்வா டப்பாவ பீரோ மேல ஒளிச்சு வச்சாங்களாம். நீங்க எடுத்துக் குடுத்தீங்கன்னு தெரியுமாம். நாற்காலியில உங்க கால் தடம் இருந்துச்சாம், தினம் தொடச்சாங்களாம். என்ன வாப்பா இது? எனக்குச் சொல்லவேயில்ல." அதுக்குத்தான் கோபமா என்று கேள். "அது இல்லையாம். அது போகட்டும்ங்கிறாங்க." பின்ன? சம்பந்தியம்மா முந்தானை மாதிரித் தலையில் கிடந்த துணியின் நுனியால் முகத்து ஆவியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே கேட்டாள். ருகையா சொன்னாள்: "சாத்தின கதவுக்கு வெளியே தூங்குற மாதிரி படுத்துக் கிடப்பாங்களாம். உள்ளே நீங்க ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேக்குமாம். என்னத்தப் பேசிச் சிரிச்சீங்க? அது ஒண்ணுதான் தெரியணுமாம்."

உன்னைப் பற்றித்தான் என்று சொல்லிவிடலாம். உன் சமையலைப் பற்றி, நீ நல்லா இருக்கணும் என்று, நாற்பத்தாறு வருஷம் கூட இருந்தவளைப் பற்றி. அந்த முகம் அதைத்தான் கேட்கிறது, ஒரு கைப்பிடி அதைப் போட்டால் மகளின் பதினாறு படியும் வழவழவென்று ஆகிவிடும். பொய்யென்று எவனுக்குத் தெரியும், தெரிந்தவன் கபரில் இருக்கிறான். வாய் வரைக்கும் வந்தது. நோன்பு வாய். இன்னும் ஒரு மணி நேரம் போனால் சொல்லிக்கொள்ளலாம் என்கிற மாதிரி ஒரு நினைப்பு வேறு, வெட்கங்கெட்ட நினைப்பு. கரண்டி கனத்தது. அவள் காத்திருந்தாள். ருகையாவும் காத்திருந்தாள், அதுதான் கஷ்டம், எதைச் சொன்னாலும் அது இந்தப் பெண்ணின் வாய் வழியாகத்தான் போகவேண்டும். "எதுவும் இல்லன்னு சொல்லு. அவர் பேசினது எனக்கு விளங்கல, நான் பேசினது அவருக்கு விளங்கல." சொன்னாள். சம்பந்தியம்மா நம்பவில்லை, புருவத்திலேயே தெரிந்தது. விளங்காமலா அப்படிச் சிரிப்பு. "ஒரு நாள்..." என்றார் சதக்குத்தம்பி. நிறுத்தினார். கரண்டியும் நின்றது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "ஒரு நாள் நான் சொன்னேன். என் மகள உம்ம மகனுக்குக் குடுத்தது எனக்குப் பிடிக்கல, ஒரு துளியும் பிடிக்கல, காய்ச்சல்னு பொய் சொல்லிட்டுத்தான் நிக்காஹ்வுக்குப் போகலன்னு. சிரிச்ச முகமா சொன்னேன். அவரும் சிரிச்ச முகமா தலையாட்டிட்டு நீளமா என்னவோ சொன்னார். நானும் தலையாட்டினேன். இவரும் அதையேதான் சொல்றாரோன்னு எனக்குப் பட்டுது. அவருக்கும் பட்டிருக்கும். ஒருத்தர ஒருத்தர் பார்த்தோம். அவ்வளவுதான். அப்புறம் நிறுத்த முடியல. மறுநாளும் முகத்தப் பார்த்தா அதே சிரிப்பு." ருகையா மொழிபெயர்க்கவில்லை. சட்டியைப் பிடித்த துணியை இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள். "இதையும் சொல்லணுமா வாப்பா?" "சொல்லு." "அப்படியேவா?" "அப்படியே."

சொன்னாள். இவர் சொன்னதை விடச் சின்னதாக இருந்தது, எதை விட்டாள் என்று தெரியவில்லை, எதையும் விடாமலும் இருக்கலாம், அந்த மொழி அப்படி. சம்பந்தியம்மா கேட்டாள். பிறகு பாத்திரத்தின் மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, மூடியை அதன் மேல் வைத்து, தீயை அணைத்தாள். ஊறவேண்டும், இருபது நிமிஷம். அதன் பிறகுதான், மூடியின் பிடியில் கை இருக்கும்போதே, மெதுவாக ஒன்று சொன்னாள். ருகையா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நாப்பத்தாறு வருஷம் அவர் பேசின ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு விளங்கிச்சாம். ஒரு நாள்கூட அப்படிச் சிரிச்சதில்லையாம்." முன்னறையில் ஹாஜரின் குறட்டை ஒரு படி இறங்கி மறுபடி ஏறியது. சம்பந்தியம்மா மேசையோரத்து நாற்காலியை இழுத்துப் போட்டு இவருக்குக் கையைக் காட்டினாள், எதிர் நாற்காலியில் தான் உட்கார்ந்தாள். ருகையாவிடம் ஏதோ சொன்னாள். "என்னவாம்?" "என்னைப் போகச் சொல்றாங்க." "ஏன்?" "மொழிபெயர்க்க ஆள் வேண்டாமாம்." அவள் போனாள். வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றாள். கண் சிவந்திருந்தது, ஆவியாகவும் இருக்கலாம். "காய்ச்சல்னா நீங்க ராத்திரி பூரா வெந்நீர் கேப்பீங்க. அன்னைக்குக் கேக்கவே இல்லன்னு உம்மா அப்பவே ஃபோன்ல சொன்னாங்க. எனக்குத் தெரியும் வாப்பா." மாடிப்படியில் அவள் காலடி ஏறிப் போவதை இவர் எண்ணாமல் கேட்டார்.

முனவ்வர் பேசத் தொடங்கினாள். முதலில் மேசைத் துணியின் பூவேலையைப் பார்த்துப் பேசினாள், பிறகு ஜன்னலைப் பார்த்து, பிறகு இவரைப் பார்த்து. நெஜாத் என்கிற பேர் ஒரு தடவை வந்தது, இன்னொரு தடவை வந்தது, இரண்டாம் தடவை அந்தப் பேரைச் சொன்ன விதத்தில் அன்பு ஒன்றும் இல்லை. செர்கான் பேர் வந்தது. ஏதோ ஒரு ஊர்ப்பேர் வந்தது, அந்த ஊரில் என்ன நடந்ததோ, மேசையை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள், கரண்டி துள்ளியது. இவர் ம் என்றார். எங்கே ம் போடவேண்டும் என்று மொழி தெரியாவிட்டாலும் தெரிகிறது. குரல் இறங்கி ஒரு சின்னப் பெண்ணின் குரல் மாதிரி ஆனது, பிறகு மூக்கை உறிஞ்சினாள், பிறகு கையை விரித்து, இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம் என்று எதையோ காட்டினாள், கட்டிலா, வயலா, மீனா. ம். வெளியே மலைமேல் இருந்த பனி மஞ்சளாகி, பிறகு வெளுத்துப்போனது. செர்கான் ரொட்டியோடு வந்து சமையலறை வாசலில் நின்று, உம்மாவையும் இவரையும் பார்த்துவிட்டு, ரொட்டியைத் தாளோடு அங்கேயே அலமாரி மேல் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனான். அவள் அவனைக் கவனிக்கவே இல்லை. கடைசியில் நிறுத்தினாள். மூச்சு வாங்கியது. இவர் முகத்தையே பார்த்தாள், உன் முறை என்கிற மாதிரி. சதக்குத்தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முழங்கால் ரெண்டும் விட்டுப்போச்சு சம்பந்தியம்மா. நின்னு நின்னு" என்றார். அவள் மிகவும் யோசித்துத் தலையை ஆட்டினாள். பிறகு நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி பேசத் தொடங்கினாள்.